‘இன்சூரன்ஸ் எடுக்கறோங்க’: அரவேணுவில் ஒரு கடைவாய்ப் பல்லின் வரவு செலவு

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். கல்யாணமாகி கோத்தகிரிக்கு வந்த பிறகு அந்த வேலை விட்டுப்போனது. ஆனால் சொந்தக்காரர்கள் பாலிசித் தாளைத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும் நிற்கவில்லை. இது என் பெரியப்பாவின் கதை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “என் பேரைப் போடாதே கண்ணு, பல்லை வேணா போட்டுக்கோ” என்றார்.

பெரியப்பாவுக்கு 67 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் வீடு, முக்கால் ஏக்கர் தேயிலை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. மகள், அதாவது என் தங்கை, சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். கம்பெனியின் குரூப் பாலிசியில் அப்பா அம்மாவையும் சேர்த்து, ஆஸ்பத்திரியில் சேராமல் எடுக்கும் சிகிச்சைக்கான ஓ.பி.டி. என்ற கூடுதல் பிரிவையும் பணம் கட்டி எடுத்திருந்தாள். அதற்குள் பல் சிகிச்சைக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய்.

இப்படி ஒரு பிரிவு இருப்பதே அபூர்வம். நாம் சாதாரணமாக எடுக்கும் மெடிக்ளைம் பாலிசிகளில் பல் என்ற சொல் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் வரும். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பார்ப்பார்கள். 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சையும் உண்டு என்று எழுதியிருக்கிறது. படித்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கான பாலிசி. பல்லின் உள்நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் ரூட் கெனாலுக்காக யாரும் ஒரு ராத்திரி படுப்பதில்லை.

ஐப்பசி அடைமழையில் பெரியப்பாவுக்குக் கீழ்த்தாடை இடப்பக்கக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. ஒரு வாரம் கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்தார். சூடான டீ பட்டால் துள்ளியவர், ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதே வலிக்கிறது என்றபோதுதான் மகளுக்குச் சொன்னார். தானாக, விட்டுவிடாமல் வலித்தால் பல்லின் உள்நரம்பு வரை சொத்தை போயிருக்க வாய்ப்பு அதிகம். அடைத்தால் மட்டும் தீராது.

ஆப் காட்டிய மூன்று முகவரி

தங்கை இன்சூரன்ஸ் ஆப்பைத் திறந்து நீலகிரி என்று தேடினாள். பல் மருத்துவமனைகள் என்று மூன்று வந்தன. ஒன்று கூடலூர். மாவட்டம் ஒன்றுதான், அஞ்சல் குறியீடும் 643 என்றுதான் தொடங்கும். ஆனால் கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏறி, அந்தப் பக்கம் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இறங்க வேண்டும். அதைவிடக் கோவையே பக்கம். இரண்டாவது ஊட்டி முகவரி. அதன் போன் எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது குன்னூர்.

குன்னூருக்கு என்னைத்தான் பேசச் சொன்னாள். பேசினேன்.

“இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?”

“எடுக்கறோங்க.”

இந்த இடத்தில் போனை வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் ஒரு நாள் வீண். டெஸ்க்கில் இருந்த பழக்கத்தால் அடுத்த கேள்வியையும் கேட்டேன். “கேஷ்லெஸ்ஸா, இல்ல நாங்க பணம் கட்டிட்டு வாங்கிக்கணுமா?”

“பில்லு போட்டுக் குடுத்துருவோங்க. நீங்க கம்பெனில வாங்கிக்கோங்க.”

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ‘எடுக்கறோம்’ என்ற ஒரே சொல்லுக்கு ரிசப்ஷனில் மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியோடோ, அதற்காக க்ளெய்ம் பார்க்கும் நடு ஏஜென்சியான டி.பி.ஏ.வோடோ ஒப்பந்தம் இருக்கிறது, கார்டைக் காட்டினால் பணம் அவர்களுக்குள் தீர்ந்துவிடும். இரண்டு, ஒப்பந்தம் கிடையாது, நீங்கள் பணம் கட்டினால் பில் தருவோம். மூன்றாவதுதான் ஆபத்து: எங்கள் மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கிறது, ஆனால் அது அட்மிஷனுக்கு, பல் பிரிவு அதில் சேராது. நான் வேலை பார்த்த இடத்திலேயே இந்த மூன்றாவது ரகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது என் முன்னால் வந்து நிற்பார்கள். வாசலில் கேஷ்லெஸ் என்று அத்தனை பெரிய போர்டு இருக்கும்போது அவர்களை எப்படிக் குறை சொல்வது?

அதனால் கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கம்பெனி, இந்த டி.பி.ஏ., பல் ஓ.பி.டி.க்கு இப்போது கேஷ்லெஸ் நடக்கிறதா, கடைசியாக எப்போது ஒரு நோயாளிக்குச் செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அங்கே நடப்பதில்லை என்று நானாக முடிவு செய்துகொள்வேன்.

குன்னூரில் கேஷ்லெஸ் இல்லை என்றதும் தங்கை கோவையைப் பிடித்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக், ஆப்பில் பச்சை டிக், கேஷ்லெஸ் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன்: “எத்தனை சிட்டிங் ஆகும்னு கேட்டியா?” “அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா, காசு கையிலருந்து போகாதுல்ல” என்றாள். நானும் விட்டுவிட்டேன். இந்த வழக்கில் என் பங்குத் தவறு அது.

கோவையில் நடந்தது

மழையில் பஸ் வேண்டாம் என்று கார் வைத்துப் போனார்கள். வாடகை 3,200. கிளினிக் பளிச்சென்று இருந்தது, உபசாரம் நன்றாக இருந்தது. கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார் பெரியப்பா. பல் பிரிவின் வரம்பு எவ்வளவு என்பது மருத்துவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்ட்டரில் தெரிந்துவிட்டது. வந்த எஸ்டிமேட் 31,000: இரண்டு ரூட் கெனால், பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கேப் இரண்டு, மூன்று அடைப்பு, கிளீனிங். இன்சூரன்ஸில் 10,000 போக மீதியை மாதத் தவணையில் கட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வலிக்கிற பல்லை மட்டும் முதலில் பார்க்கலாம் என்று தங்கை உறுதியாக நின்றது நல்லது. அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிக அடைப்பு போட்டு அனுப்பினார்கள். வலி அன்று ராத்திரியே போய்விட்டது. சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பில்லில் இருந்தது. எக்ஸ்ரே 500, ரூட் கெனால் 6,000, ஆக 6,500 கேஷ்லெஸ்ஸில் அன்றே கழிந்தது. முழு ரூட் கெனாலுக்கும் முதல் சிட்டிங்கிலேயே பில். அப்ரூவல் ஒரு தடவைதான் வாங்க முடியும், அதனால் இப்படித்தான் போடுவோம் என்பது அவர்கள் பதில். பெரியப்பா கையெழுத்துப் போட்ட தாளில் ‘சிகிச்சை முடிந்தது’ என்று அச்சடித்த வரி இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். அவர் படிக்கவில்லை. வாய் பாதி மரத்த நிலையில் நீட்டிய இடத்தில் போட்டிருக்கிறார்.

பத்து நாள் கழித்து அடுத்த சிட்டிங். அன்று காலை குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்து ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மழைக்காலத்தில் இந்தப் பாதைக்கு இது புதிதல்ல. குன்னூர் வழியும் பர்லியாறு பக்கம் இதே பாடுதான். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். டிரைவருக்கு 1,000. அடுத்த தேதி கேட்டபோது இரண்டு வாரம் தள்ளிக் கிடைத்தது.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் சாயங்காலம், டீயில் நனைக்காமல் ஒரு வர்க்கி பிஸ்கட்டைக் கடித்திருக்கிறார். ஊட்டி வர்க்கியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியே அடுக்கடுக்காக நொறுங்கும், நடுவில் ஒரு கடினமான பருப்பு மாதிரி இருக்கும். தற்காலிக அடைப்பும் அதோடு பல்லின் உட்பக்கச் சுவரில் ஒரு சில்லும் சேர்ந்து வந்துவிட்டன. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வர்க்கித் துணுக்கு எது, பல் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கோத்தகிரியிலேயே

திறந்து கிடக்கும் பல்லை வைத்துக்கொண்டு தேதிக்காகக் காத்திருக்க முடியாது. எச்சில் உள்ளே போனால் சுத்தம் செய்த வேர்க்குழாயில் மறுபடி கிருமி சேரும். கோத்தகிரி பஜாரில் மாடியில் இருக்கும் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஆப்பில் அவர் பெயர் எங்கும் இல்லை. “நான் கேஷ்லெஸ் பண்றதில்லம்மா, பில் தரேன், சர்ட்டிபிகேட் கேட்டா எழுதித் தரேன்” என்று முதலிலேயே சொன்னார்.

அங்கே நான் கவனித்ததை வரிசை இல்லாமல் சொல்கிறேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார், கடைசி சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்தார், பழையதாக இருந்ததால் கீழே லேபில் விரல் குத்திப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கோவையில் இதைக் கேட்டார்களா என்றேன். ஃபாரத்தில் ஒரு கட்டம் இருந்ததாம், தங்கை டிக் போட்டாளாம். கருவிகள் ஒட்டிய பையில் இருந்தன, எங்கள் முன்னாலேயே கிழித்தார். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் போன பை என்றால் ஓரத்தில் இருக்கும் கோடு நிறம் மாறியிருக்கும். எட்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம். சுவரில் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதன் எண் பில்லிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். எண் இல்லாத பில்லை க்ளெய்ம் டேபிளில் முதல் ஆளே ஒதுக்கி வைத்துவிடுவார்.

எக்ஸ்ரே எடுத்து கம்ப்யூட்டரில் காட்டினார். கீழ்க் கடைவாயின் முதல் பல்லில் வழக்கமாக மூன்று வேர்க்குழாய், சிலருக்கு நான்கு. இதில் நான்காவது இருக்கிற மாதிரி தெரிகிறது, நான் செய்வதைவிட வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்தவர் செய்தால் நல்லது, அவர் கோவையிலிருந்து ஒன்று விட்ட சனிக்கிழமை இங்கே வருகிறார் என்றார். தன்னால் முடியாததை முடியாது என்று சொல்லும் மருத்துவரை எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பல்லை மூடி மட்டும் அனுப்பினார். மலை ஊர்களில் இந்த ஏற்பாடு பரவலாக இருக்கிறது. நாம் இறங்குவதற்குப் பதில் ஸ்பெஷலிஸ்ட் ஏறி வருகிறார். நெட்வொர்க் பட்டியல் எதிலும் இது வராது, போன் போட்டு ‘விசிட்டிங் யார் வர்றாங்க’ என்று கேட்டால்தான் தெரியும்.

சனிக்கிழமை நீல ரப்பர் ஷீட்டை மாட்டி அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே தெரிய வைத்து வேலை முடிந்தது. நான்கு குழாய்தான். அடுத்த வாரம் கேப்புக்கு அளவு எடுத்தார்கள். அந்த அச்சு பஸ் பார்சலில் கோவை லேபுக்கு இறங்கி, கேப் ஆகி, ஆறாம் நாள் ஏறி வந்தது. பெரியப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி: “நான் எறங்கல பாரு, என் பல்லு மட்டும் போய்ட்டு வந்துருச்சு.”

கோவை எஸ்டிமேட்டில் இருந்த இரண்டாவது ரூட் கெனாலைப் பற்றிக் கேட்டேன். எக்ஸ்ரேயில் காட்டி, சொத்தை நரம்பிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, அடைத்தால் போதும், அவசரமும் இல்லை என்றார். இரண்டு பேரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. படத்தைக் காட்டி விளக்கியவர் இவர் ஒருவர்தான், அவ்வளவே. ஒன்று மட்டும் சொல்வேன்: இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்விக்கு எஸ்டிமேட் வாங்கும் வரை பதில் சொல்லாதீர்கள். ‘முதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க, பணத்தை அப்புறம் பேசலாம்’ என்றால் போதும்.

க்ளெய்ம்

கோத்தகிரி பில்: மீதி ரூட் கெனால் 3,000, கேப் 5,000, எக்ஸ்ரே இரண்டுக்கு 300, மொத்தம் 8,300. பாலிசியில் மிச்சம் இருந்தது 3,500. சிகிச்சை முடிந்த 30 நாளுக்குள் தாள்கள் போக வேண்டும் என்று பாலிசியில் இருந்தது. ஒரிஜினல் பில், பணம் கட்டிய ரசீது, மருத்துவர் சீட்டு, எக்ஸ்ரே படம், ரத்து செய்த காசோலை எல்லாம் ஸ்கேன் செய்து பதினாறாம் நாள் ஏற்றினோம்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. ரூட் கெனால்: இதே உறுப்பினருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது, தர இயலாது. கேப்: அழகுக்கான சிகிச்சை, தர இயலாது. எக்ஸ்ரே: எந்தப் பல் என்ற விவரம் இல்லை.

முதலாவதில் வாதாட வழியில்லை. கோவையில் ‘முடிந்தது’ என்று கையெழுத்தாகிவிட்டது. செய்யாத பாதி வேலைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அந்தக் கிளினிக்கில் கேட்டோம். வந்து முடித்துக்கொள்ளுங்கள், பணம் வராது என்றார்கள்.

மற்ற இரண்டும் சரிசெய்யக்கூடியவை. பல் மருத்துவத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு. வாயை நான்காகப் பிரித்து முதல் இலக்கம், நடுவிலிருந்து எத்தனையாவது என்பது இரண்டாம் இலக்கம். கீழ் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல் 36. கோவை பில்லில் 36 என்று இருந்தது, கோத்தகிரி பில்லில் கீழ்த்தாடை இடது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மருத்துவர் எண்ணைச் சேர்த்துப் புது பில் தந்தார். கூடவே லெட்டர்ஹெட்டில் நான்கு வரி: 36-ஆம் பல்லில் ரூட் கெனால் முடிந்தது, உட்பக்கச் சுவர் உடைந்திருக்கிறது, மூடாவிட்டால் மெல்லும்போது பல் பிளந்துவிடும், எனவே கேப் சிகிச்சையின் பகுதி, அழகுக்கு அல்ல. பாலிசியிலேயே, ரூட் கெனாலைத் தொடர்ந்து மருத்துவர் பரிந்துரைக்கும் கேப் உண்டு என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தில் கோடு போட்டுச் சேர்த்து அனுப்பினேன். க்ளெய்ம் பார்ப்பவருக்குப் பாலிசி தெரியாது என்று அர்த்தமில்லை, ஒரு நாளைக்கு நூறு ஃபைல் பார்க்கிறார். அந்த வரியைத் தேட வைக்காமல் நாமே கொடுத்துவிட வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். பெரியப்பா போகத் தயாராகவே இருந்தார், 3,500 ரூபாய்க்கு என்பதைவிட ‘அழகுக்கான சிகிச்சை’ என்ற சொல்லுக்காக. தேவைப்படவில்லை. பிப்ரவரியில் 3,500 ரூபாய் தங்கையின் கணக்கில் விழுந்தது.

கணக்கெழுதிப் பழகியவர் என்பதால் டைரியில் எழுதி வைத்திருந்தார். கார் 3,200, திரும்பி வந்த நாள் 1,000, கோத்தகிரி பில் 8,300, வந்தது 3,500 கழித்தால் கையிலிருந்து போனது 9,000. பக்கத்திலேயே இன்னொரு கணக்கு. முதல் நாளே மாடி மருத்துவரிடம் போயிருந்தால் ரூட் கெனால் 5,500, கேப் 5,000, எக்ஸ்ரே மூன்றுக்கு 450, மொத்தம் 10,950. பணத்தை முதலில் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் 10,000 திரும்பி வந்திருக்கும். அவர் பணம் 950, அதோடு அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்கு நாலைந்து தடவை பஸ் டிக்கெட்.

முதலில் கட்ட முடியாத குடும்பத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் கேஷ்லெஸ்தான் வழி என்றால் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும்: சிட்டிங் சிட்டிங்காக பில், முடியாத வேலைக்கு ‘முடிந்தது’ என்று கையெழுத்தில்லை.

எங்கள் பக்கத்தில் வேறு கார்டுகளும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பல் கிளினிக்குக்குப் போய்த் திரும்பியவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அது பெரிய அறுவை சிகிச்சைகளுக்கான திட்டம், ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் உதவாது. பல் பிடுங்கவும் சாதாரணமாக அடைக்கவும் அரசு மருத்துவமனையின் பல் பிரிவே போதும், காசில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பென்ஷனில் மாதாமாதம் பணம் பிடிக்கும் திட்டமும் முக்கியமாக அட்மிஷனை வைத்துத்தான். வெலிங்டன் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் மட்டும் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். 2003-இல் வந்த இ.சி.எச்.எஸ். திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் பல்லும் பார்க்கிறார்கள். வெளியே போவதென்றால் அங்கிருந்து ரெஃபரல் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவசரமில்லாமல் நேரே போனால் செலவு அவரவர் பையிலிருந்து.

அடைக்க வேண்டிய அந்த இன்னொரு பல் பாக்கி இருக்கிறது. பாலிசி ஏப்ரலில் புதுப்பிக்கும், 10,000 மறுபடி முழுசாக வரும். அதுவரை பொறுக்கலாமா என்று கோத்தகிரி மருத்துவரைக் கேட்டோம். பொறுக்கலாம், இனிப்பு டீயைக் குறையுங்கள், அந்தப் பக்கம் வர்க்கி கடிக்காதீர்கள் என்றார். டீயைப் பற்றிச் சொன்னது பெரியப்பா காதில் விழவில்லை. வர்க்கியை இப்போது நனைத்துத்தான் சாப்பிடுகிறார்.